பயத்துக்கு மார்க் போட்ட புரொபசர்

மனிதர்களின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, தனி அறையும் கொடுத்து, கூடவே ஒரு டைப்பிஸ்டையும் கொடுத்தார்கள் என்றால், அது 'நூத்துக்கெவ்வளவு' புரொபசர் ஒருவருக்குத்தான். அந்த டைப்பிஸ்ட் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அடையாறில் மரங்கள் அடர்ந்த ஒரு கல்லூரி. அதன் கடைசிக் கட்டடத்தில் கிளினிக்கல் சைக்காலஜி துறை. கோடம்பாக்கத்தில் பஸ் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் தொங்கி, முதல் நாள் நான் போய் நின்றபோது புரொபசர் தலைநிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, மயிலாப்பூர் விபூதிக் கீற்று, பாக்கெட்டில் மூன்று பேனா.

"வாங்கோ. பயமா இருக்கா?"

"கொஞ்சம் சார்."

"கொஞ்சம்னு ஒரு நம்பர் கிடையாதும்மா. நூத்துக்கு எவ்வளவு?"

நான் விழித்தேன். அவர் பேனாவைத் திறந்து காத்திருந்தார். சரி, வேலை போய்விடப் போகிறதே என்று, "நாப்பது சார்" என்றேன். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் என்னை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, "இப்போ?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டதால் பயம் போயிருந்தது. "பத்து" என்றேன். அவர் முகம் தீபாவளி மத்தாப்பு மாதிரி மலர்ந்தது.

"பார்த்தேளா? ஓடாம நின்னா தானா இறங்கிடும். பயத்துக்கும் கால் வலிக்கும்மா. ரொம்ப நேரம் நிக்காது."

இதுதான் அவருடைய பாடம், ஆராய்ச்சி, மதம் எல்லாம். மனிதன் எதைக் கண்டு பயப்படுகிறானோ, அதன் அருகே படிப்படியாக அவனைக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு மார்க் போட வேண்டும். மார்க் இறங்கியதும் அடுத்த படி. இதைப் பற்றி அவர் எழுதியதையெல்லாம் நான்தான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். 'ஆங்சைட்டி' என்ற சொல்லை அடித்து அடித்து என் மெஷினில் எக்ஸ் எழுத்து தேய்ந்துபோனது. உலகத்தில் எக்ஸ் தேய்ந்த டைப்ரைட்டர் அது ஒன்றாகத்தான் இருக்கும். ரிப்பேர்காரர், "ஏம்மா, அப்படி என்னத்தை எழுதுறீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

அவர் வகுப்பு எடுக்கும் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேஜைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். மூடியில் ஓட்டை போட்டிருக்கும். உள்ளே ஒரு பல்லி. "இன்னிக்கு இவர்தான் நமக்கு உதவி பண்ண வந்திருக்கார்" என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்வார். அவர் யாரையும் ஒருமையில் பேச மாட்டார், பல்லியையும் சேர்த்து. "கொஞ்சம் இப்படித் திரும்பிக்கோங்கோ" என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்வார். முன் வரிசைப் பெண்கள் அலற, அவர் ஒவ்வொருவரிடமும் போய், "நூத்துக்கு எவ்வளவு?" என்று நோட்டை நீட்டுவார்.

வகுப்பு முடிந்ததும் பல்லியைச் சுவரில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. மறுநாளைக்குப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் பொறுப்பு பியூன் ஏகாம்பரத்துக்கு. அவர் ஒருநாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், நீயே நாயத்தச் சொல்லு. இருவது வருசமா சர்வீஸ்ல கீறேன். பைல் தூக்கச் சொல்லு, தூக்கறேன். மணி அடிக்கச் சொல்லு, அடிக்கறேன். தெனம் ஒரு பல்லி புட்சினு வான்னா, நான் இன்னா பூனையா?"

நான் புரொபசரிடம் போய்ச் சொன்னேன். அவர் மிகுந்த அக்கறையோடு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பல்லின்னா பயமா? நூத்துக்கு எவ்வளவு?" என்றார். ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

சரி, கல்லூரிக்குள் இருக்கும்வரை இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஒருமுறை எங்கள் நூலகரின் அம்மா காலமாகிவிட்டார் என்று மந்தைவெளிக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த அம்மா. எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். இவர் மெதுவாக நூலகர் பக்கம் நகர்ந்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணால் 'வேண்டாம் சார்' என்றேன். கேட்டால்தானே?

"ரொம்ப துக்கமா இருக்கும். நூத்துக்கு எவ்வளவு?"

நூலகரின் மாமா ஒருவர் எழுந்தே விட்டார். அடிதான் விழப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன். நூலகர் மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எழுபது சார். மீதி முப்பது... நிம்மதி. ராத்திரி பூரா அம்மா வலில கத்துவா. அதை யார்கிட்ட சார் சொல்றது?" அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதுவரை அவர் அழவில்லையாம். புரொபசர் நோட்டை எடுக்கவில்லை. நூலகர் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் நான் சண்டை போட்டேன். "சாவு வீட்டுல கேக்கற கேள்வியா சார் இது?"

"கேக்காம விட்டா அந்த முப்பது எங்கம்மா போகும்?" என்றார். அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான். நாம் கோபத்தின் உச்சியில் இருக்கும்போது, அவர் சொல்வதில் ஏதோ நியாயம் இருந்து தொலைக்கும்.

இருந்தாலும், தியாகராய நகர் சம்பவத்துக்கு மட்டும் இன்றுவரை நான் அவரை மன்னிக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தார். புதிதாக நான்கு மாடிக் கட்டடம் கட்டி, லிஃப்டும் போட்டிருந்தார். அந்த லிஃப்டில் ஏற அவருக்கே பயம். மாடிப்படி ஏற முழங்கால் விடாது. விளைவு, திறப்பு விழாவுக்குப் பிறகு இரண்டு வருடமாகத் தன் கடையின் மூன்றாவது மாடியை அவர் பார்த்ததே இல்லை. அங்கேதான் பட்டுப் பிரிவு. அடுத்த தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "ஊருக்கெல்லாம் பட்டு விக்கேன். எம் மவளுக்குச் சேலை எடுக்க நான் மேல போக வேண்டாமா சார்?" என்று அவர் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. ரகசியத்தை நான் உடைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிற்பாடு அண்ணாச்சியே இந்தக் கதையைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

மாணவர்களுக்கு விடுமுறை. "மார்க் எழுத நீங்க வாங்கோ" என்று என்னை இழுத்துப்போனார். போன நாள், ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிறு. தியாகராய நகரைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அன்றைக்கு அந்தத் தெருவில் கையைத் தூக்கினால் திரும்பக் கீழே இறக்க இடம் இருக்காது.

முந்தைய வாரத்திலேயே லிஃப்டைத் தள்ளி நின்று பார்ப்பது, கதவைத் தொடுவது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைய படி, ஒரு காலை லிஃப்டுக்குள் வைத்து நிற்பது. அண்ணாச்சி வலது காலை உள்ளே வைத்தார். இடது கால் வெளியே. கம்பிக் கதவு திறந்தே கிடந்தது. புரொபசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால், மூட்டை மூட்டையாகத் துணி வாங்கிய நாற்பது பெண்கள்.

"எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு சார். நெஞ்சு அடிக்கி."

"நில்லுங்கோ. இறங்கும்."

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

"யோவ், ஏறு, இல்ல எறங்கு! இன்னா, கோலம் போடறியா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் வாளி என் இடுப்பை இடித்தது.

நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதில் புரொபசர் கறாரானவர். ஆகவே கூட்டத்தைப் பார்த்து, "லிஃப்ட் பரிசோதனை நடந்துண்டிருக்கு, பொறுத்துக்கோங்கோ" என்றார். அவ்வளவுதான். அவரை லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் என்று நினைத்துக் கூட்டம் அவர்மேல் பாய்ந்தது.

"போன வாரம் ரெண்டாவது மாடில மாட்டிக்கினு அரை மணி நேரம் நின்னோம் தெரியுமா? கைக்கொழந்தையோட!"

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவர் கண்கள் மின்ன, "அப்படியா! அப்போ பயம் நூத்துக்கு எவ்வளவு?" என்றார். வாளிக்காரி என்னைப் பார்த்தாள். "யாரும்மா இந்தாளு? லூசா?" நான் அவரைத் தெரியாதவள்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் விடாமல், "வசந்தா, இதையும் எழுதிக்கோங்கோ" என்றார். வாளி இன்னொரு முறை என் இடுப்பில் இடித்தது. இந்தத் தடவை அது தற்செயல் இல்லை.

அண்ணாச்சி அறுபதுக்கு இறங்கினார். ஐம்பது. நாற்பது. திடீரென்று, யாரும் சொல்லாமலே, இடது காலையும் எடுத்து உள்ளே வைத்தார். "கதவைச் சாத்துலே!" என்றார் லிஃப்ட்காரரிடம். அவர் முகம் வியர்த்து ஒழுகியது. புரொபசர் குதித்து உள்ளே ஏறினார். நானும் ஏறினேன். வேறு வழி? வெளியே நின்றால் வாளி.

லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே போயிற்று. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து நசுக்கினார். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஆடி மாதத்தில் கல்யாணப் பட்டு யார் வாங்கப் போகிறார்கள்? தளம் காலி. விரித்திருந்த வெள்ளை மெத்தையில், ஆளுக்கொரு பட்டுக் கட்டைத் தலைக்கு வைத்து, நான்கு விற்பனையாளர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு மின்விசிறியும் முழு வேகத்தில். இரண்டு வருடமாக முதலாளி வர முடியாத மாடி அல்லவா!

"ஏலே!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது. லிஃப்ட், பயம், முழங்கால் எதுவும் அவருக்கு நினைவில்லை. நான்கு பேரும் துள்ளி எழுந்து, முதலாளியைப் பார்த்து, பேய் அறைந்த மாதிரி நின்றார்கள். புரொபசர் அவர்களில் ஒருவரிடம் நெருங்கி அன்பாகக் கேட்டார்: "நூத்துக்கு எவ்வளவு?"

"நூத்தி இருவது சார்" என்றார் அந்த ஆள்.

"நூத்துக்குமேல கிடையாதே..."

"எனக்கு இருக்கு சார்."

இடுப்பு வலி எனக்கு ஒரு வாரம் இருந்தது. மகளுக்குச் சேலை எடுக்க அண்ணாச்சி லிஃப்டில் போய் வந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது புரொபசர் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். நான் கோபத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம்தான் எங்கள் துறைக்குத் தனி டெலிபோன் வந்தது. கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

என் அப்பா கோடம்பாக்கம் ஸ்டுடியோ ஒன்றில் லைட்மேன். எனக்குப் பத்தொன்பது வயதில், மேலே விளக்கு கட்டும் பரணிலிருந்து விழுந்து இறந்துபோனார். செய்தி வந்தது வீட்டுக்காரர் வீட்டு டெலிபோனில். கூப்பிட்டார்கள் என்று நான்தான் போய் எடுத்தேன். "லைட்மேன் வீடா?" என்றது குரல். அன்றிலிருந்து அந்த மணி அடித்தால் என் கை சில்லிட்டுவிடும். ஆகவே எங்கள் துறையில் மணி அடித்தால் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ஏகாம்பரம் எடுப்பார். "அல்லோ, யாரு? வி.சி. ஆபீஸா? சாரு பிஸியா கீறாரு, அப்பால பண்ணு" என்று துணைவேந்தர் அலுவலகத்துக்கே சொல்லி வைத்துவிட்டார்.

பெரிய ரகளை ஆனது. புரொபசர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் நான்கு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதிசயம், அவர் கேட்கவில்லை. "ஓ" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த திங்கள்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. ஏகாம்பரத்தை வடை வாங்க அனுப்பியிருந்தார்கள். மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துத் துறையிலிருந்து, "வசந்தா மேடம், எடுத்துத் தொலைங்களேன்!" என்று சத்தம். போய் எடுத்தேன்.

"வசந்தாவா? நான்தான் பேசறேன். மணி என்ன?"

"மூணரை சார்."

"சரி." வைத்துவிட்டார்.

மறுநாள், அதே மூன்றரை. ஏகாம்பரம் மறுபடியும் வடைக்குப் போயிருந்தார். "வசந்தா, வெளியில மழை பெய்யறதா?"

"நீங்கதானே சார் வெளியில இருக்கீங்க!"

"ஆமா, ஆமா." வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், "என் மூக்குக்கண்ணாடி மேஜைமேல இருக்கா பாருங்கோ." எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கல்லூரி வாசல் டெலிபோன் பூத் தெரிந்தது. உள்ளே அவர். கண்ணாடி மூக்கின்மேல். இப்படியே மூன்று வாரம். அரணை கடிக்குமா, இன்று என்ன கிழமை, 'பன்னீர்' என்பதற்கு இரண்டு சுழியா மூன்று சுழியா. மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு கட்டினேன். அலுத்துப்போய், மணி அடித்ததும் எடுத்து, "இப்ப என்ன சார்?" என்று கேட்குமளவுக்கு ஆகிவிட்டேன்.

ஏகாம்பரம்தான் உடைத்தார். "மேடம், சொல்றேன்னு கோச்சுக்காதே. சாரு பூத்துல நின்னுகினு ஒரு கையால போனப் புட்சிகினு இன்னொரு கையால நோட்டுல என்னமோ எழுதிகினே கீறாரு."

அவர் வகுப்பில் இருந்தபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். என் பெயர். கீழே வரிசையாக எண்கள். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபது, பதினாறு... நேற்று, மூன்று. நான் எடுப்பதற்குமுன் மணி எத்தனை தடவை அடித்தது என்ற கணக்கு.

வகுப்பு முடிந்து வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"யாரைக் கேட்டு சார் எனக்கு வைத்தியம் பார்த்தீங்க? 'என் முழுச் சம்மதத்துடன்'னு ஒப்புதல் படிவம் இருநூறு தடவை அடிச்சுக் கொடுத்திருக்கேன். அண்ணாச்சிகிட்ட கையெழுத்து வாங்கினீங்க. மாணவிங்ககிட்ட வாங்கினீங்க. என்கிட்ட வாங்கணும்னு தோணலையா? டைப்பிஸ்ட்தானேன்னு நினைச்சீங்களா? எங்கப்பா செத்ததை நோட்டுல எழுதி வைக்கவா உங்ககிட்ட சொன்னேன்?"

அவர் முகம் வெளுத்தது. "தப்பு" என்றார். "கேட்டிருக்கணும். கேட்டா மாட்டேன்னுடுவேளோன்னு... அதுவும் தப்புதான். மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு." அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு ஒப்புதல் படிவம். எனக்கான படிவத்தை என்னையே அடிக்கச் சொல்ல முடியாதல்லவா? கோழி கிளறிய மாதிரி அவர் கையெழுத்தில் இருந்தது. 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.' அதை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மூன்று நாள் மூன்றரைக்கு மணி அடிக்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மூன்று நாளும் மூன்றரைக்கு நான் டெலிபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனால் நிம்மதியிலும் நிம்மதி இல்லை.

நான்காம் நாள் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்: 'நூற்றுக்கு எவ்வளவு என்று என்னை ஒருபோதும் கேட்கக் கூடாது.' படித்ததும், டாக்டர் காபியை நிறுத்தச் சொன்ன மயிலாப்பூர்க்காரர் மாதிரி அவர் முகம் வாடியது. ஆனாலும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அன்று மூன்றரைக்கு மறுபடி மணி அடித்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றரை. இரண்டாவது மணியிலேயே எடுத்தேன்.

"வசந்தாங்கறவங்க இருக்காங்களா? உங்க பொண்ணு ஸ்கூல்லேர்ந்து பேசறோம்."

கை சில்லிட்டது. வைத்துவிட வேண்டும்போல் இருந்தது. வைக்கவில்லை. "நான்தான். சொல்லுங்க" என்றேன். ஒன்பது வயது மகள் சறுக்குமரத்திலிருந்து விழுந்துவிட்டாள், கை உடைந்திருக்கும்போல் இருக்கிறது, பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோகிறோம். நினைவு இருக்கிறதா, தலையில் அடி இல்லையே, எந்த நர்ஸிங் ஹோம், எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுதிக்கொண்டு, வைத்தேன். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிமிர்ந்தால், வகுப்புக்குப் போகக் கிளம்பிய புரொபசர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கிளம்புங்கோ. நானும் வரேன்."

ஆட்டோ நந்தனம் சிக்னலில் நின்றது. அவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பனகல் பார்க்கில் மறுபடி திறந்தார், மூடினார். கோடம்பாக்கம் பாலத்தில் நெரிசல். அங்கே இரண்டு தடவை. அந்தக் கேள்வியை விழுங்க அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்து, அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். சாக்பீஸ் தூள் அப்பியிருந்த கைக்குட்டை. என் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

எலும்பு முறிவு சின்னதுதான். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் மகள். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, அவளுடைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவோரம் நின்றவரைப் பார்த்தாள். என் காதில் ரகசியம் சொன்னாள். ஒன்பது வயதின் ரகசியம் தெருமுனைவரை கேட்கும்.

"அம்மா, தெனமும் வந்து திட்டுவியே, அந்த லூசு சாரா இவரு?"

"சும்மா இருடி" என்றேன். "நம்ம சார்."